மூலைப் பானை

சாலைக்காக ஊரை இடிக்கும் முன் மண்ணுக்கடியில் பழைய ஊர்கள் இருக்கின்றனவா என்று தோண்டிப் பார்க்க வந்தவள் எழில்நங்கை. முழுசாக ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தால் போதும், சாலை விலகிப் போய்விடும். இதுவரை அடுக்கடுக்காக ஓட்டுச்சில்லுதான். குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட ஒருவரும் தருவதில்லை. இன்று மட்டும் ஊரே வந்து அவள் இறங்கியிருந்த குழியைச் சுற்றி நின்றது.

"அந்த மூலையத் தோண்டு" என்றாள் கூட்டத்தின் முன்னால் நின்ற ஒச்சம்மா.

மற்ற இடமெல்லாம் இறுகிக் கிடக்க, மூலையில் மட்டும் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு பானை. பொங்கலுக்குப் பூசிய மஞ்சள்கூடக் கழுத்தில் அழியவில்லை.

"இது உங்க வீட்டுப் பானை" என்றாள் எழில்நங்கை.

"ரெண்டாயிரம் வருசத்துப் பானைன்னு எழுது. எழுதாம எப்படி மேல ஏறுறன்னு பாக்குறோம்."

யாரோ காலால் தள்ளிய மண் அவள் தலையில் விழுந்தது. துடைக்காமல் பானையை எடுத்து வைத்தாள். அதன் அடியில், விரல் கனத்தில் ஒரு தாழியின் வயிறு, வளைந்து, பாதியில் நின்றது. உடைந்த விளிம்பு செக்கச்செவேலென்று புதுசாக இருந்தது. பக்கத்தில் கடப்பாரை இறங்கிய தடம். பொடிந்த எலும்பு மண்ணோடு கலந்து கிடந்தது.

"இதுல கடப்பாரை போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"கல்லு தட்டுச்சு. நொறுக்கி அள்ளிக் கம்மாய்ல கொட்டிட்டோம். எங்க பானை உக்கார எடம் வேணுமில்ல?" என்றாள் ஒச்சம்மா. "அத விடு. பானைய எழுது."