மஞ்சள் நூல் முடிச்சுகள்

மகள் நட்ட ஆடுதீண்டாப்பாளைக் கொடியை இந்த வருடம் பட்டாம்பூச்சிப் புழுக்கள் ஓர் இலை விடாமல் தின்று தீர்த்தன. ஜன்னல் கம்பியில் வெறும் தண்டு நின்றபோதுதான் முடிச்சுகள் தெரிந்தன. ஏழு வயதில், தன் கை எட்டிய உயரம்வரை, அம்மாவின் மஞ்சள் தையல் நூலால் அவள் கட்டியவை. அதே வயதில் மகள் இறந்து மூன்று வருடமாகிறது. அவற்றுக்கு மேலே, நிறம் மங்காத நூலில் இன்னும் மூன்று முடிச்சுகள் இருந்தன.

"நீயா கட்டின?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் அந்த ஜன்னலையே தொறக்கறதில்லைங்க. நீங்க கட்டலையா?"

மனைவி டேப்பை வைத்து அளந்தாள். மகளின் கடைசி முடிச்சிலிருந்து எட்டு அங்குலம் கூடியிருந்தது.

"மூணு வருஷத்துக்குச் சரியாத்தான் இருக்கு," என்றாள்.

பிறகு மெஷினில் உட்கார்ந்து ஒரு கவுன் தைத்தாள். கீழே நான்கு விரல் அகலம் மடித்துத் தைப்பதைப் பார்த்து, "எதுக்கு இவ்வளவு மடிப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

"வளர்ற பொண்ணாச்சே."