குறட்டைக்கு ஒரு பைபாஸ்

"அந்தக் குறட்டை மிஷினைக் கழட்டி எறியுங்க. இல்லேன்னா நான் ஹால்ல போய்ப் படுத்துக்கறேன்."

லிஃப்ட் மெக்கானிக் பேப்பரை மடித்து வைத்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் டீச்சர்தான், சொன்னால் சொன்னதுதான்.

"ஏன் டீச்சரம்மா, ஒழுங்காத்தானே வேலை செய்யுது?"

மிஷின் அவரே உட்கார்ந்து செய்தது. கட்டில் தலைமாட்டில் ஒரு மைக். குறட்டை கேட்டால் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு சிக்னல் போகும். சிப்பு உடனே தலையணைக்குள் பொதிந்த குட்டி மோட்டாரை அதிரவைக்கும். தூங்குகிறவர் புரண்டு படுத்தால் சத்தம் நின்றுவிடும்.

"அதான் பிரச்னையே. தலையணை அதிர்ந்ததும் நீங்க புரண்டு படுத்துக் கட்டை மாதிரி தூங்கிடறீங்க. எனக்குத்தான் நல்ல தூக்கத்துல பொசுக்குனு முழிப்பு வந்துடுது. பார்த்தா வீடே நிசப்தமா இருக்கு. பகீர்ங்குது. உங்க மூக்குகிட்ட விரலை வெச்சு, மூச்சு வருதான்னு பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"குறட்டை குறட்டைன்னு என் மானத்தை வாங்கினது நீதானே? அடுத்த ரூம்ல படுத்திருந்த உன் தம்பி, 'இன்ஜின் மாமா'ன்னு பேரே வெச்சுட்டான்."

"திட்டினேன்தான். இப்ப அந்தச் சத்தம் இல்லாம இருக்க முடியல. போதுமா?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கழட்ட முடியாதும்மா. உன்னைக் காலையில எழுப்பற அலாரமும் அதே சிப்புலதான் ஓடுது. ஒரு பைபாஸ் சுவிட்ச் வெச்சுத் தரேன்."

"பைபாஸா? யாருக்கு ஆபரேஷன்?"

"ஊருக்குள்ள நுழையாம வண்டியெல்லாம் சுத்திப் போகுதில்ல, அந்த பைபாஸ். சுவிட்சைத் தட்டினா சத்தம் சிப்புகிட்டயே போகாது. அப்புறம் குறட்டையைத் தடுக்க ஆளில்ல. யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு. வைங்க."

மைக்கிலிருந்து வரும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு டூ-வே சுவிட்சைப் பற்றவைத்தார். ஒயர் எதிலும் சேராமல் சிப்பின் கால் அந்தரத்தில் நின்றால் இல்லாத சத்தமெல்லாம் அதற்குக் கேட்கும். அதனால் ஒரு ரெசிஸ்டர் போட்டு கிரவுண்டோடு கட்டினார். இந்த மிஷின் வந்த பிறகுதான் அவர் ஆசைதீரத் தூங்கினார். வேலையில் கண் சொக்காமல் இருந்ததும் அதனால்தான். இனி அது போச்சு. போகட்டும், அவள் நிம்மதியாகத் தூங்கினால் சரி என்று பெட்டியை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால், மதியம் சாப்பிட்ட கையோடு அவளே சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுத்தாள்.

"நீங்களும் படுங்க. இஷ்டத்துக்குக் குறட்டை விடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உத்தரவு" என்று பக்கத்தில் சாய்ந்தார்.

சற்று நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி குறட்டை கிளம்பியது. கொட்டக்கொட்ட விழித்திருந்தவர், மோட்டார் பொதிந்த அவள் தலையணையைச் சரிசெய்து, போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டார். அந்தக் குறட்டை அவளுடையது என்று இன்றுவரை அவர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.