அக்கரையில் ஒரு பென்சில்

"என்னங்க, அந்த ஆள் இன்னைக்கும் வந்துட்டான்!"

கெசியா ஜன்னலோரத்திலிருந்து கணவனைக் கூப்பிட்டாள். ஆபேல் ஜன்னல் திரையை விலக்கினான். முடிச்சூர் ஏரியின் அக்கரையில் ஒருவர் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, இவர்கள் வீட்டையே அளந்துகொண்டிருந்தார்.

ஏரி ஆக்கிரமிப்பு என்று போன மாதம்தான் பக்கத்துத் தெருவில் ஜேசிபி புகுந்திருந்தது.

"சர்வேயரா இருப்பானோ?"

"கர்த்தரே! இந்த வூட்டை விட்டா நமக்கு வேற நிழல் ஏதுங்க? போய்க் கேளுங்க."

ஆபேல் கரையைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனான்.

"சார்... எங்க வீட்டை எதுக்கு அளக்குறீங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அளக்கலை சார், லேண்ட்ஸ்கேப் வரையக் கத்துக்கறேன்! அந்தப் பனையோட உயரத்தை இப்படித்தான் பென்சிலைப் பிடிச்சுப் பார்க்கணுமாம்."

ஆபேலுக்குப் போன உயிர் திரும்பியது. ஆசையாகப் படத்தை எட்டிப் பார்த்தான். ஏரி, பனை, கொக்கு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பனைக்குப் பக்கத்தில் வீடு மட்டும் இல்லை, வெறும் தண்ணீர்.

"எங்க வீட்டை விட்டுட்டீங்களே சார்?"

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது.

"அது... பனைக்குப் பக்கத்துல இருக்கறதா உங்க வீடு? வெள்ளிக்கிழமை எங்க தாலுகா ஆபீஸ்லேருந்து இடிக்க வர்றோமே, அதை எதுக்கு வரையணும்னு விட்டுட்டேன். நோட்டீஸ் இன்னும் வரலையா சார்?"