கடைசிச் சொல்

வேலியோரத்தில் செவலை என்ற கோழி குஞ்சுகளுக்குப் பாடம் நடத்தி வந்தது. பருந்தைப் பற்றிய பாடத்தை அதுவே எழுதியிருந்தது.

"வானில் வட்டமிட்டு, கூரிய நகங்களால் சிற்றுயிர்களைக் கவர்ந்து செல்லும் இயல்புடைய பருந்தின் நிழல் நிலத்தில் புலப்படும் தருணத்தில், குஞ்சுகள் யாவும் தாமதமின்றி அருகிலுள்ள புதருக்குள் ஓடிவிடுதல் வேண்டும்."

பொரி என்ற குஞ்சு ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டது. குறுணிக்குப் பாதிகூட ஏறவில்லை.

"டீச்சர், நாங்க என்ன செய்யணும்?" என்று குறுணி கேட்டது.

"முழுசாச் சொல்லு. கடைசியில வரும்" என்றது செவலை.

மறுநாள் வெயிலில் ஒரு நிழல் தரையில் வழுக்கி வந்தது. குஞ்சுகள் அப்படியே நின்றன. பின் பொரி தொடங்க, மற்றவையும் சேர்ந்து பாடத்தை ஒப்பித்தன. நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"டீச்சர், கடைசியில என்ன வரும்?" குறுணியின் குரல் உடைந்தது.

தான் எழுதிய வாக்கியம் எவ்வளவு நீளம் என்று செவலைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஓடுங்க" என்று கத்தியது.

குஞ்சுகள் புதருக்குள் பாய்ந்தன. உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்த பொரியின் காதில் மட்டும் அது விழவில்லை.

புதருக்குள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கிடந்தன. வானத்தில், வெகு உயரத்தில், "தாமதமின்றி அருகிலுள்ள" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.