தலைமையகம் நம்பியது

"ஊரை ஏமாத்தறவனைப் போய்க் கதாநாயகன்னு தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க! இதெல்லாம் ஒரு நாவலா?" என்று பொரிந்து தள்ளினார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

நூலகத்தில் சனிக்கிழமை வாசகர் கூட்டம். இந்த மாதம் ஓர் உளவு நாவல். துப்பு ஒன்றும் கிடைக்காத உளவாளி, அறையில் உட்கார்ந்தபடியே இல்லாத ரகசியங்களை எழுதி எழுதி அனுப்புகிறான். தலைமையகமும் நம்பிவிடுகிறது.

"எனக்குப் பிடிச்சது சார். சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு" என்றார் தையல்காரர்.

"எனக்குப் பாதியிலேயே கொட்டாவி வந்துடுச்சு" என்றார் பல் டாக்டர். "அவ்வளவு பெரிய அதிகாரி, சொன்னதையெல்லாம் நம்புவாரா? நம்ம காதுல பூ சுத்தறாங்க."

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவளும் அந்த உளவாளியின் வேலையைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்!

மாமியாரின் மூத்த மகன், அவள் கணவனின் அண்ணன், கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன், போனவன்தான். ஒரு தகவலும் இல்லை. மாமியார் அன்ன ஆகாரம் இல்லாமல் சுருண்டு படுத்தபோது, மருமகள் துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

"நான் வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு மூத்தவர் போன் பண்ணினார் அத்தை. வீட்டுக்குப் பண்ண வெட்கமா இருக்காம். அம்மா சாப்பிட்டாங்களான்னு கேட்டார்."

மாமியார் எழுந்து சாப்பிட்டார். அன்றிலிருந்து வாரம் ஒரு போன்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" நூலகர் மாமியாரைக் கேட்டார்.

"அந்த அதிகாரி ஏமாளி இல்லைங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

"அப்படி எந்தப் பக்கத்துலயும் இல்லையேம்மா!" தலைமையாசிரியர் புத்தகத்தைப் பரபரவென்று புரட்டினார்.

"எழுதியிருந்தாத்தானா? ஒருத்தர் நமக்காக இவ்வளவு மெனக்கெடும்போது, பொய்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்ல மனசு வருமா?"

தையல்காரர் கைதட்டினார். மருமகள் சட்டென்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மருமகளே பேச்சை ஆரம்பித்தாள்.

"அத்தை... மூத்தவர் இன்னிக்குக்கூட கூப்பிட்டார். நீங்க எப்படி..."

"போதும்மா." மாமியார் நின்றார். "முதல் போனிலேயே எனக்குத் தெரியும்."

"எப்படி அத்தை?"

"அம்மா சாப்பிட்டாங்களான்னு அவன் கேட்டதாச் சொன்னியே... அவன் ஒருநாளும் அதைக் கேட்டதே இல்லைம்மா."

"தெரிஞ்சுமா அன்னிக்கு எழுந்து சாப்பிட்டீங்க?"

"ஆமா. கேட்டது நீயாச்சே!"