மச்சினன் லைன்

“உங்க மச்சினனைப் பார்த்துக் கத்துக்கங்க சீனியர்!”

எல்லாரும் நிற்கும்போதே மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். சீனியருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

நாலு வருஷம் முன்னால் கெஞ்சிக் கூத்தாடி இந்தக் குடிநீர் ஆலையில் அவனைச் சேர்த்துவிட்டதே இவர்தான். இன்றைக்கு இரண்டாவது லைன் அவன் பொறுப்பில். உப்பை வடிகட்டுகிற மெம்பரேன் சவ்வெல்லாம் புத்தம்புதுசு, தண்ணீர் பளிங்கு மாதிரி வருகிறது. இவருடைய முதல் லைனில் எல்லாம் கிழட்டு மெம்பரேன். கழுவிக் கழுவிக் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்குப் போனால் மனைவி வேறு.

“திங்கட்கிழமை இன்சார்ஜ் போஸ்ட் சொல்றாங்களாமே! என் தம்பிக்குத்தான்னு பேச்சு!” வாயெல்லாம் பல் அவளுக்கு.

‘அதையும் பார்த்துடுறேன்!’

சனிக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம். தண்ணீரில் கலக்கிற குளோரின் பட்டால் மெம்பரேனை அரித்துத் தின்றுவிடும். அதை முறிக்க முன்னாடியே ஒரு மருந்து சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். இரண்டாவது லைனுக்குப் போகிற அந்த மருந்தின் வால்வைச் சீனியர் திருகி மூடினார். அளவு காட்டுகிற மீட்டர் ரிப்பேருக்குப் போய் ஒரு வாரம். மறுநாள் ஞாயிறு; லைன் தானாக ஓடும், ஆள் வராது. ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டாவது லைன் மெம்பரேன் மொத்தமும் காலி. தண்ணி ஒரே உப்பு. மருந்து வால்வு மூடிக் கிடக்கு.”

“அடக் கடவுளே! சின்னப் பையன், பொறுப்பே இல்ல சார். எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்!” உள்ளுக்குள் துள்ளிக் குதித்தது மனசு.

“அவனை ஏன் திட்டுறீங்க? வெள்ளிக்கிழமையே என்கிட்ட சொல்லி அந்த லைனை உங்க பேருக்கு மாத்திட்டான். ‘எங்க மாமாதான் இன்சார்ஜ் ஆகணும், பழைய மெம்பரேனோட நான் மல்லுக்கட்டுறேன்’னு ஒரே பிடிவாதம். உங்க இன்சார்ஜ் ஆர்டரோட சேர்த்து இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சனிக்கிழமையிலேருந்து அது உங்க லைன் சீனியர்!”

போஸ்ட்டும் போச்சு, மானமும் போச்சு. சீனியர் வெளியே வந்தார்.

சட்டையெல்லாம் ஈரமாக மச்சினன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பயப்படாதீங்க மாமா. வால்வைத் தெரியாம மூடினது நான்தான்னு இப்பதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்க போஸ்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”