மாலை அழைப்பு

அந்த ஆப்பிரிக்க நிவாரண முகாமில் பொழுது சாய்ந்ததும் ரேடியோ அறை யோசேப் ஒவ்வொருவரையும் வயர்லெஸ்ஸில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பத்திரமாகத் திரும்பிவிட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரைத் தேடி வண்டி கிளம்பிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், களைப்பில் செல்வராணி தமிழிலேயே "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். யோசேப்புக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. பிறகு எந்த நாட்டு டாக்டரானாலும் டிரைவரானாலும் மாலையில் "வந்துட்டேன்"தான்.

அந்த வேலையை விட்டுவிட்டு அவள் மதுரைக்குத் திரும்பினாள். இப்போது சொந்தமாக ஆலோசகர். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். "இனிமே நீ யாருக்கும் பதில் சொல்ல வேணாம்க்கா," என்று தம்பி சந்தோஷப்பட்டான். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் வெளிச்சம் மங்கினால் கை தானாக இடுப்பைத் தடவும். வயர்லெஸ் அங்கே இருக்காது.

ஒரு மாலை யோசேப்பிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. வழக்கமான அழைப்புதான். அவர் கூப்பிடக் கூப்பிட, தெரிந்த குரல்கள் ஒவ்வொன்றாக "வந்துட்டேன்" என்றன. கடைசியில் அவள் பேரைக் கூப்பிட்டார். அதன் பிறகு இரைச்சல் மட்டும் நெடுநேரம் ஓடியது. முகாமே வாய்மூடிக் காத்திருப்பது போலிருந்தது.

செல்வராணி கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"யாருக்கா, கிளையண்டா?" என்று தம்பி எட்டிப் பார்த்தான்.

"சும்மா இருடா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பதில் சொல்லலேன்னா வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவாங்க."